உண்ணாமுலையாள் ஊரில் ஒட்டுநாக்கு

திருவண்ணாமலையில் வளர்ந்தவர்களுக்கு உண்ணாமுலை என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். என் வகுப்பிலேயே இரண்டு உண்ணாமுலை இருந்தார்கள். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது யாரும் சிரித்ததில்லை. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்க எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. உண்ணாத முலை. எந்தக் குழந்தையும் பால் குடிக்காத மார்பு. அபீதகுசாம்பாள் என்ற வடமொழிப் பெயருக்கும் இதே அர்த்தம்தான். மகள் பிறந்த ஒன்பதாவது நாள், ராத்திரி ரெண்டு மணிக்கு அவள் மார்பைக் கவ்வுவதும் வழுக்கிவிடுவதும் அழுவதுமாக இருந்தபோது, ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்து, "உனக்குமா?" என்று அம்மனைக் கேட்டேன்.

அவள் குடிக்கும்போது 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு மணி நேரம் குடிப்பாள், பத்து நிமிஷம் தூங்குவாள், மறுபடி பசி. எனக்குக் காம்பு வெடித்து ரத்தம். வாயிலிருந்து எடுத்தால், சாய்வாகச் சீவின பென்சில் மாதிரி ஒரு பக்கம் நசுங்கி வரும். பிறந்தபோது 2.9 கிலோ, பன்னிரண்டாம் நாள் 2.55. வீட்டில் எல்லோரிடமும் ஒரே தீர்ப்பு: "பால் பத்தல." அத்தை பூண்டுக் குழம்பு வைத்தார், பால்சுறா புட்டு வைத்தார். காட்டிய டாக்டர் குழந்தையின் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பவுடர் பெயரைச் சீட்டில் எழுதினார். டப்பாவை வாங்கி வந்து பார்த்தால், தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. 1992-ஆம் வருஷச் சட்டம் அப்படி அச்சிடச் சொல்கிறது. டப்பா மேல் குழந்தை படம் போடக்கூடாது, விளம்பரம் செய்யக்கூடாது, இலவச சாம்பிள் கொடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அந்த ராத்திரி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, சட்டமே என்னைத் திட்டுவது மாதிரி இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் ஆயா. போளூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள், கையைக் கழுவிவிட்டு நேராகக் குழந்தை வாயில் சுண்டுவிரலை விட்டாள். "கொயந்த நாக்கு ஒட்டினு இருக்குதுடி. அது எப்பிடிக் குடிக்கும்? நீ ஏன் அழுவுற?"

நாக்குக்கு அடியில் எல்லோருக்கும் ஒரு சவ்வு உண்டு. கண்ணாடி முன்னால் நாக்கைத் தூக்கினால் தெரியும். சில குழந்தைகளுக்கு அது குட்டையாக, நாக்கின் நுனிவரை பிடித்துக்கொண்டிருக்கும். அழும்போது நாக்கு மேலே எழாது. நுனி இதய வடிவில் பிளந்து தெரியும். நம் ஊரில் ஒட்டுநாக்கு என்றதும் எல்லோரும் கவலைப்படுவது பேச்சைப் பற்றித்தான். 'ர' வராது, 'ழ' வராது. அதனால்தான் "மூணு வயசுல பாத்துக்கலாம்" என்ற பதில் இவ்வளவு சுலபமாக வருகிறது. பொறந்து பன்னிரண்டு நாளான குழந்தைக்கு 'ழ' எதற்கு? அதற்கு நாக்கு வேண்டியது குடிக்க.

இந்தப் பிழை இன்று நேற்றையது அல்ல. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ், ஒட்டிய நாக்கைக் கொறடால் பிடித்து, ரத்தக்குழாயில் படாமல் அடிச் சவ்வை வெட்டச் சொல்கிறார். அவர் கவலை பேச்சு. வெட்டிய பிறகு நாக்கைப் பல்லுக்கு வெளியே நன்றாக நீட்ட முடிந்தும் பேச்சு வராத ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும் நேர்மையாகச் சேர்க்கிறார். மாற்கு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் நாவின் கட்டு அவிழ்கிறவனும் உடனே பேசத்தான் செய்கிறான். எங்கள் ஊர்க் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்: வல்லாள கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்து, வேலால் நாவில் எழுதினான், திருப்புகழ் பிறந்தது. நாக்கு என்றால் நமக்குச் சொல்தான். பால் ஞாபகத்துக்கு வருவதில்லை.

பாலை நினைத்தவர்கள் பிரசவம் பார்த்த பெண்கள். ஐரோப்பாவில் சில மருத்துவச்சிகள் ஒரு விரலில் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்து, பிறந்த குழந்தையின் அடிநாக்குச் சவ்வை அதாலேயே கீறிவிடுவார்களாம். சுத்தம் பற்றி யோசித்தால் உடம்பு நடுங்குகிறது. ஆனால் பால் குடிக்க முதலில் என்ன அவிழ வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு ஒரு ராஜ சாட்சியும் உண்டு. 1601 செப்டம்பர் 27 அன்று பிரான்சில் ஃபோன்டேன்ப்ளோ அரண்மனையில் பட்டத்து இளவரசன் பிறந்தான், பின்னாளில் பதின்மூன்றாம் லூயி. அவனுடைய மருத்துவர் ழான் எரோவார் பிறந்த நாளிலிருந்தே டைரி எழுதினார். இருபத்தாறு வருஷத்துக்கும் மேல் எழுதினார். குழந்தை சப்பச் சிரமப்படுவதைப் பார்த்து வாய்க்குள் தேடினார்கள். சவ்வுதான் காரணம் என்று தெரிந்து, கியமோ என்ற அறுவை மருத்துவர் அதை மூன்று இடத்தில் வெட்டினார். ராஜா வீட்டுப் பிள்ளை என்பதால் ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் கணக்கு இருந்தது. லூயி வாழ்நாள் முழுக்கத் திக்கித்தான் பேசினான் என்பது வேறு விஷயம். செல்சஸ் சிரித்திருப்பார்.

அப்புறம் இந்த அறிவு எங்கே போச்சு? புட்டிக்குள் போச்சு என்பது என் கணிப்பு. 1865-இல் ஜெர்மனியில் லீபிக்கின் குழந்தை உணவு, 1867-இல் சுவிட்சர்லாந்தில் நெஸ்லேயின் மாவு. ரப்பர் காம்பிலிருந்து பால் எடுக்க நாக்கு அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை. புட்டி பரவப் பரவ, ஒட்டுநாக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியாமல் போனது. மருத்துவம் படித்த ஒரு தலைமுறைக்கே அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போனது. எனக்குச் சீட்டு எழுதியவர் மேல் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர் தனி ஆள் இல்லை, ஒரு மறதியின் வாரிசு.

திரும்ப ஞாபகப்படுத்தியவற்றில் ஸ்கேன் கருவியும் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் டோனா கெட்டெஸ் குழு, குழந்தை பால் குடிக்கும்போதே நாக்கின் அசைவை அல்ட்ராசவுண்டில் படம் பிடித்து 2008-இல் வெளியிட்டது. நாக்கு கீழே இறங்கும்போது வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பால் வருகிறது. ஒட்டுநாக்குக் குழந்தைகள் காம்பை நசுக்கின. பால் முழுதாக வெளியே வராவிட்டால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதாவது முதலில் பொய்யாக இருக்கும் "பால் பத்தல" கொஞ்ச நாளில் நிஜமாகிவிடும். என் பென்சில் முனைக்கும் பூண்டுக் குழம்புக்கும் விளக்கம் அங்கே இருந்தது.

ஆனால் கதை நேர்கோட்டில் போகவில்லை. மறந்திருந்த உலகம் இப்போது கத்தரிக்கோலும் லேசருமாக ஓடி வருகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைப் பதிவுகளில் ஒட்டுநாக்குக் கணக்கு 1997-க்கும் 2012-க்கும் நடுவில் 834 சதவீதம் ஏறியது. அத்தனை நாக்கும் திடீரென்று ஒட்டிக்கொள்ளவில்லை, பார்க்கும் கண் மாறியது. 2017-இல் காக்ரேன் ஆய்வு ஐந்து சோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகளை, சேர்த்துப் பார்த்தது. வெட்டினால் அம்மாவின் வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது. குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதில் ஒரே மாதிரியான பதில் கிடைக்கவில்லை. 2024-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும், முதலில் பிடிக்கும் முறையைச் சரிசெய்து பாருங்கள் என்றது.

நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். இன்னொரு டாக்டரிடம் போன நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நுழைய வழியில்லை. குழந்தையைத் தோளில் போட்டு ரெண்டு கிலோமீட்டர் எதிர்த்திசையில் நடந்தோம். அந்த அம்மா வாயைத் திறந்து பார்த்தார், நான் பால் கொடுப்பதை இருபது நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். நாலு நாள் பிடிக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தும் எடை ஏறாததால் சவ்வை வெட்டினார். சில நொடி வேலை, ரெண்டு சொட்டு ரத்தம். உடனே என் மார்பில் போட்டார்கள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. வலி மட்டும் பாதியாகக் குறைந்தது. அவள் சரியாகக் குடிக்கப் பழக மூன்று வாரம் ஆனது. அதுவரை பாலைப் பீய்ச்சி எடுத்து, எவர்சில்வர் பாலாடையில் கொடுத்தோம். மூக்கு வைத்த அந்தக் குட்டிக் கிண்ணம் ஆயாவுடையது, என் அம்மாவும் அதில் குடித்தவள்.

பாலாடையோடு உட்கார்ந்த அந்த நாட்களில்தான் சம்பந்தர் ஞாபகத்துக்கு வந்தார். ஏழாம் நூற்றாண்டுக்காரர். சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு உமை பால் கொடுத்த கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்கிறார். சின்ன வயதில் அதைக் கேட்டபோதெல்லாம், மடியில் போட்டுப் பால் கொடுத்தாள் என்றே நினைத்திருந்தேன். இல்லை. பாலைப் பொற்கிண்ணத்தில் எடுத்துத்தான் கொடுத்தாள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் அறையணிநல்லூரிலிருந்து இந்த மலையைத் தூரத்தில் பார்த்து, இங்கே வந்து பாடியது. அண்ணாமலைப் பதிகம் தொடங்குவதே உண்ணாமுலை என்ற அம்மன் பெயரில். பீய்ச்சின பாலைக் குடித்தவர் வாயால் அந்தப் பெயர்! இதில் தத்துவம் தேடுகிறவர்கள் தேடட்டும். எனக்கு அப்போது ஒன்றுதான் தோன்றியது: கிண்ணத்தில் கொடுத்தவளையும் இந்த மண் அம்மா என்றுதான் கூப்பிடுகிறது.

மகளுக்கு இப்போது நாலு வயது. 'ழ' இன்னும் வரவில்லை, ஆனால் ஆயாவுக்கும்தான் 'ழ' வராது. போன தீபத்துக்கு முந்தின வாரம் கோயிலில், "உண்ணாமுலைன்னா என்னம்மா?" என்றாள். பொற்கிண்ணக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப எனக்கு மட்டும் ஏன் எவர்சில்வர்ல குடுத்த?"