கொடையும் குரலும்

பாடுவோர்க்கும் புரப்போர்க்கும் இடையேயான உறவு தமிழிலக்கியம் நன்கறிந்த பொருளாகும். தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. கொடையின் அளவைக் காட்டிலும் அது கொடுக்கப்பட்ட முறையே புலவருக்குப் பெரிதாக இருந்தது. அதே வினா வட அமெரிக்க நகரங்களிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்துவந்துள்ளது. அங்கே வாய்திறக்க வந்தவர்கள் பிழைப்புத் தேடியும் உயிருக்கு அஞ்சியும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் தம் கதையைத் தம் குரலிலேயே சொல்வதற்குப் பொருளுதவி செய்தவர் யாவர், அவ்வுதவி எத்தகைய கட்டுகளோடு வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது கவிஞர்களுக்கும் உரிய கடமையே.

ஹல் இல்லம்

1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜேன் ஆடம்ஸ், எல்லன் கேட்ஸ் ஸ்டார் ஆகிய இருவரும் சிகாகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் இல்லத்தைத் தொடங்கினர். இத்தாலியர், கிரேக்கர், பொஹீமியர், யூதர் எனப் பல நாட்டுக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. ஆங்கிலம் விரைவில் கற்றுக்கொண்ட பிள்ளைகள், அம்மொழி அறியாத பெற்றோரைக் குறித்து நாணினர். இந்த நாணத்தை நீக்கும் நோக்குடன் 1900இல் அங்கே உழைப்பு அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்பட்டது. நூல் நூற்றல், நெய்தல் ஆகிய பழந்தொழில்களைக் குடியேறிகளே அங்கு செய்து காட்டினர்.

ஆடம்ஸ் 1910இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் ஓர் இத்தாலியச் சிறுமியைப் பற்றி எழுதுகிறார். தலையில் முக்காடிட்ட தாயுடன் தன்னைச் சேர்த்துப் பிறர் காண்பதை விரும்பாத அச்சிறுமி, தாயை முன்வாயிலில் விட்டுவிட்டுத் தான் பக்கவாயிலால் நுழைவது வழக்கம். ஒருநாள் தாய் நூற்பதைக் கற்றோர் பலர் சூழ்ந்து நின்று வியந்ததைக் கண்டாள். பின்னர் இருவரும் ஒரே வாயிலால் வந்தனர். குடியேறிய இளையோருக்கான கதைத் திட்டங்கள் அனைத்தும் இன்றுவரை நாடுவது இந்த ஒரே வாயிலையே எனலாம்.

இப்பணிக்கு ஆடம்சின் பரம்பரைச் சொத்தும் செல்வப் பெண்மணியர் சிலரின் கொடையும் துணைநின்றன. ஹெலன் கல்வர் என்பார் கட்டடத்தை வாடகையின்றி வழங்கினார். ஆயினும் எக்கொடையும் ஏற்கப்பட்டதாகக் கொள்ளுதல் தவறு. உழைக்கும் இளம்பெண்களுக்கு ஒரு விடுதி கட்ட 20,000 டாலர் தர ஒருவர் முன்வந்தபோது, தம் தொழிலகத்துப் பெண்களுக்கு மிகக் குறைந்த கூலி கொடுப்பவர் அவர் என்பதால் ஹல் இல்லத்தார் அப்பணத்தை மறுத்தனர். பெருஞ்சித்திரனார் வழி வந்தோர் இதன் அருமையை உணர்வர்.

கணினி தந்த புதுவழி

1994இல் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி, நீனா மல்லன் ஆகியோர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மையத்தை நிறுவி, டிஜிட்டல் கதைசொல்லல் என்னும் கலைவடிவத்தை வளர்த்தனர். 1998இல் அம்மையம் பெர்க்லி நகருக்கு இடம்பெயர்ந்தது. மூன்று நாள் பட்டறையில் பங்கேற்பாளர் வட்டமாக அமர்ந்து ஒருவர் கதையை மற்றவர் கேட்பர். பின்னர் அவரவர் தம் குரலில் பதிவுசெய்து, குடும்ப நிழற்படங்களை இணைத்துச் சில நிமிடப் படமாக ஆக்குவர். எழுத்துத் திறன் குன்றியவரும் இரு மொழிகளுக்கிடையே தடுமாறுபவரும் இதில் தம் கதையைச் சொல்ல முடிந்தது.

அந்நாளில் படத்தொகுப்புக்கு உகந்த கணினியின் விலை மிகுதி. எனவே அரசின் துணை தேவைப்பட்டது. அமெரிக்கக் கல்வித்துறை 1999இல் சமூகத் தொழில்நுட்ப மையங்களுக்கென ஒரு கோடி டாலர் ஒதுக்கியது. 2001இல் இத்தொகை ஆறரைக் கோடி டாலராக உயர்ந்தது. பின்னர் தேய்ந்து, சில ஆண்டுகளுக்குள் திட்டமே கைவிடப்பட்டது. 2006இல் மெக்காதர் அறக்கட்டளை, இளையோரின் டிஜிட்டல் கல்விக்காக ஐந்தாண்டுகளுக்கு ஐந்து கோடி டாலர் வழங்குவதாக அறிவித்தது. அக்கொடையின் துணையுடன் 2009இல் சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தில் பதின்பருவத்தினருக்கான யூமீடியா கூடம் திறக்கப்பட்டது. ஆடம்சின் நகரிலேயே இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

இன்று கையடக்கத் தொலைபேசியே படக்கருவியாகிவிட்டது. எனினும் செலவு நின்றபாடில்லை. பயிற்சியாளரின் ஊதியம், கூடுமிடம், மாலைச் சிற்றுண்டி, பேருந்துக் கட்டணம் ஆகிய எளிய செலவுகளே ஓர் இளைஞனைக் கதைவட்டத்தில் அமர்த்துகின்றன. கொடையாளர் பலர் கருவிக்கு ஈவர். கேட்கும் செவிக்கு ஈயத் தயங்குவர்.

மொன்றியல் காட்டிய நெறி

கனடாவின் மொன்றியல் நகரில் 2007 முதல் 2012 வரை, போராலும் இனப்படுகொலையாலும் இடம்பெயர்ந்தோரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுக்கும் பெருந்திட்டம் ஒன்று நடைபெற்றது. கன்கோர்டியா பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ஸ்டீவன் ஹை தலைமையில், சமூக அறிவியல் ஆய்வுக்கான கனடிய அரசு நிறுவனத்தின் நிதியில் இயங்கிய இத்திட்டம், ஏறத்தாழ 500 பேரின் கதைகளைப் பதிவுசெய்தது. கதை சொன்னோர் வெறும் தகவலாளராகக் கொள்ளப்படாமல் திட்டத்தின் பங்காளிகளாக மதிக்கப்பட்டமை இதன் சிறப்பு.

இதன் ஒரு கிளை அகதி இளையோருக்கானது. லிஸ் மில்லர் முதலியோர் கனடிய அகதிகள் அவையுடன் இணைந்து அதனை நடத்தினர். பேருந்தில் ஏறிய பயணிகளுக்கு, நகரின் வெவ்வேறு இடங்கள் தம் வாழ்வில் பெற்ற பொருளை இளையோர் தம் கதைகளின் வழி உணர்த்தினர். இழந்த ஊரின் துயரோடு வந்துசேர்ந்த ஊரின் தெருக்களும் அவர்களுக்குரியனவாயின.

இவ்விடத்தே ஒரு நுட்பமான ஆபத்தைச் சுட்டுதல் வேண்டும். நிதி வேண்டும் விண்ணப்பங்களில் துன்பமே முதன்மை பெறுகிறது. எக்கதைக்கு உதவி கிடைக்கிறது என்பதை இளையோரும் அறிந்துகொள்கின்றனர். காதல், விளையாட்டு, தந்தையோடு பிணக்கு, சமையற்கட்டின் மணம் ஆகியன சொல்லப்படாமற் போக, காயம் ஒன்றே அடையாளமாகிவிடுகிறது. மறுக்கும் உரிமையும், சொன்னதைத் திரும்பப் பெறும் உரிமையும் இல்லாத இடத்தில் கதை கொடையாகாது, திறையாகிவிடும்.

நிலைபேறு

தகாத கொடையை மறுத்த ஹல் இல்லத்தின் பெயரில் தொடர்ந்த தொண்டு நிறுவனம், பிற்காலத்தில் பெரிதும் அரசு நிதியையே சார்ந்திருந்தது. நிதி குறைந்து கடன் பெருகவே, 2012 சனவரியில் அது மூடப்பட்டது. பழைய இல்லம் மட்டும் அருங்காட்சியகமாக எஞ்சியது. தூய்மையான கொடை வேண்டும் என்பதோடு, ஒரே கையை நம்பியிருத்தல் ஆகாது என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

படைப்புகளின் நிலையும் இத்தகையதே. பட்டறைக்குப் பணம் கிடைக்கும். பேணிக் காப்பதற்குக் கிடைப்பதரிது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அதில் உருவான எண்ணற்ற ஆக்கங்கள் காணவியலாதனவாயின. பெயர்த்தெழுதுவார் இல்லாத ஓலைச்சுவடிகள் செல்லுக்கிரையானதை அறிந்த தமிழுலகத்துக்கு இது புதிய துயரன்று.

புரவலர் இன்றிக் கலை வளர்ந்ததில்லை. ஆனால் பாடுவோரைக் கண்டு, அவர் விரும்பிய பாடலைக் கேட்டு, கேட்ட பின்னும் அதனைக் காப்பவரே புரவலர் என்னும் பெயருக்கு உரியவர். தாயும் மகளும் ஒரே வாயிலால் நுழைய வழிசெய்யும் கொடை, தொகையிற் சிறிதாயினும் பயனிற் பெரிதாம்.