ரன் (ஆங்கில வினைச்சொல்)

ரன் என்பது ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். இதன் பொருள் 'ஓடு' என்றே பள்ளியில் படிக்கிறோம். ஆனால் ஆறு பாய்வதற்கும், மூக்கு ஒழுகுவதற்கும், கடை நடத்துவதற்கும், தேர்தலில் போட்டியிடுவதற்கும் ஆங்கிலேயர் இச்சொல்லையே ஆள்கின்றனர். இதற்கான காரணம் சொல்லின் வரலாற்றில் உள்ளது.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் நெருங்கிய உறவுடைய இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று 'ரின்னன்', தானாக ஓடுதல், பாய்தல் என்பது பொருள். எழுத்துகள் இடம் மாறி 'இர்னன்' என்றும் இது வழங்கியது. மற்றொன்று 'ஆர்னன்', ஓடச் செய்தல், குதிரையை விரைந்து செலுத்துதல் என்பது பொருள். தமிழில் தன்வினையான 'ஓடு', பிறவினையான 'ஓட்டு' ஆகியவற்றுக்கு இடையிலுள்ள உறவு போன்றதே இது. இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நோர்சு மொழியிலிருந்த இனச்சொற்களும் இவற்றுக்கு வலுவூட்டின. காலப்போக்கில் அனைத்தும் கலந்து 'ரன்' என்னும் ஒரே சொல்லாயின. செருமானிய மொழியிலோ இன்றும் 'ரின்னன்' (ஒழுகுதல்), 'ரென்னன்' (விரைந்து ஓடுதல்) என இரு சொற்கள் தனித்தனியே உள்ளன.

பொருள் விரிவு

தன்வினை வழியே ஆறு பாய்தல், துணிச்சாயம் கரைந்து பரவுதல், சாலை நீண்டு செல்லுதல், நாடகம் பல நாள் நடைபெறுதல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. பிறவினைப் பொருளில் இயந்திரத்தை இயக்குதல், நிறுவனத்தை நடத்துதல் ஆகியவை அமைந்தன. கணினி வந்தபின் நிரலை இயக்குதலும் சேர்ந்தது. தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் இச்சொல்லால் 'ஓடுதல்' என்பர். பிரித்தானியரோ 'நிற்றல்' என்பர். தமிழரின் வழக்கும் அதுவே. மட்டையாளர் ஓடி எடுக்கும் ஓட்டம் 'ரன்' என்னும் பெயர்ச்சொல்லாகவே தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்டது.

அகராதியில்

1928-இல் நிறைவுற்ற ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் 'செட்'. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முதலிடம் வகித்தது. பின்னர் 'ரன்' அதனை முந்தியது. 2011-இல் வெளியான தகவலின்படி, வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் பதிவாகியிருந்தன. இப்பதிவைத் தொகுக்க அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

மொழிபெயர்ப்பில்

இச்சொல்லைத் தமிழாக்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, ஒன்று தானாக ஓடுகிறதா, பிறரால் ஓட்டப்படுகிறதா என்பதையே. அது தெளிந்தால் பாய், ஒழுகு, இயக்கு, நடத்து, போட்டியிடு ஆகியவற்றுள் உரிய சொல் தானே அமையும். 'அவர் ஒரு பள்ளியை ஓடுகிறார்' என்பது போன்ற பிழையும் நேராது.