முகத்துவாரமும் நம் முன்னோரும்

வில்லியனூரிலும் திருக்காஞ்சியிலும் சங்கராபரணியில் நீராடி மீள்வோர் பலர். அவ்வாறு கடலொடு கலக்குமிடத்தைக் கண்டோர் சிலர். அதனைத் தோணியிற் கடக்க வல்லாரோ நம்மவருள்ளும் நாளுக்குநாள் அருகி வருகின்றனர். செஞ்சி மலைப் பக்கத்தே தோன்றும் இவ்வாறு கடலை அணுகுங்கால் இரண்டாகப் பிரிந்து, அரியாங்குப்பத்தாறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் பெயர் பெற்று, இரு வாய்களாற் கடல் புகுகின்றது. பாகூர்ப் பக்கத்துக்குத் தெற்கே தென்பெண்ணை தனக்கெனத் தனி வாயுடையது. அண்மையில் எம் இல்லத்துப் பிள்ளையொருவன், "எஞ்சின் பூட்டிய படகு இருக்க, ஓதம் பார்த்துக் காத்திருப்பது எதற்கு?" என்று எம்மை வினவினான். அவனுக்கு அன்று விடை கூறாது விட்டோம். அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேயர் அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலங்களும் மதுச்சாடிகளும் அங்கு வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்கரொருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூலிற் குறித்த பொதுகே என்னும் துறை இதுவே என்பது அறிஞர் பலரின் துணிபு. யவனர் பெருமை பேசுவோர் இதனோடு நிறுத்திவிடுகின்றனர். அந்நூலே, பெருமரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்னும் நம் நாட்டு மரக்கலங்களையும் கூறுகின்றது. மேல்கடலில் நருமதையின் வாயிலே, அரசனது ஏவல் பூண்ட மீனவர் படகேறி எதிர்சென்று, அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொணர்ந்தனர் என்றும் உரைக்கின்றது. மணல் இடம் மாறும் வாய்க்கு ஆண்டுதோறும் பழகியவன் கண்ணே வழிகாட்டி. அரிக்கமேட்டுச் சாடிகளும் அத்தகையோர் கைபடாது கரையேறியிரா என்பது எம் கருத்து.

அக்கண் எதனைக் கண்டது? நம் கரையில் ஓதம் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வடியும். ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் இடை 15 நாழிகைக்குச் சிறிது மிகும். ஆதலின் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 2 நாழிகை பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருகியும், அட்டமியை ஒட்டிக் குறைந்தும் நிகழும். ஏற்றத்தின் உயரம் இங்கு பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. அதனால் ஏமாறுவோர் உளர். உயரம் சிறிதாயினும், அகன்ற கழியில் நிறைந்த நீரெல்லாம் குறுகிய வாயால் வடியுங்கால் விசை பெரிதாகும். வெளியோடும் அந்நீரும் உள்வரும் அலையும் எதிர்ப்பட, அலை குறுகி நிமிர்ந்து வாயிலேயே உடையும். அதன்மேல் வாடைக்காற்றும் சேர்ந்தால் கூறவேண்டுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் வடிநீர் நெடுநேரம் ஓடும். வெள்ளம் மணலை அறுத்துப் புதுவழி செய்யும். கோடையில் அவ்வழி மீண்டும் தூரும். தை மாதத்து வழியை ஆனி மாதத்தில் நம்பியவன் தரை தட்டுவான்.

உள்ளே வருதலே வெளியே செல்லுதலினும் அரிது. பின்வரும் அலை படகின் பின்புறத்தைத் தூக்க, முன்புறம் நீரிற் புதைய, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். முன்னோர் வாய்க்கு வெளியே நின்று அலைகளை எண்ணினர். பெரியவை சில கழிந்தபின், கடைசி அலையின் முதுகைத் தொடர்ந்து, அதனை முந்தாமல், நேரே உள்ளே புகுந்தனர். எஞ்சினோ அலையை முந்தவே தூண்டுகின்றது. எம் பிள்ளைக்கு விடை இதுவே.

நிற்க. துறைமுகமற்ற புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் கப்பல்கள் கடலிலே நங்கூரமிட, சரக்கையும் மக்களையும் கரைசேர்த்தது சலங்கு என்னும் படகு. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகையாதலின், அலை அறைந்தால் வளைந்துகொடுக்குமேயன்றி உடையாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர், அக்காலத்து வாணிகம் முழுதும் கப்பல்களின் வரவை எதிர்நோக்கி நின்றதைக் காண்பர். துப்ளேக்சு துரையின் கடிதமும் சலங்குக்காரன் துடுப்பின் வழியே கரை கண்டது என்பதை மறத்தலாகாது.

காற்றை அறியாதார் பட்ட பாட்டுக்குச் சான்று 1761-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களைப் புயல் தாக்கிற்று. முதலில் கரைக்காற்று வீசியபோது கயிற்றை அறுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடிய தலைவரது கப்பல் பிழைத்தது. நங்கூரத்தை நம்பி நின்றவை, காற்றுத் தென்கிழக்குக்குத் திரும்பியதும் அழிந்தன. சில கப்பல்கள் மூழ்கி ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். சில நகர்க்குத் தெற்கே கரையில் மோதின. கார்த்திகை கழிந்தால் புயலில்லை என்பார்க்கு இதனையும், 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வந்த தானே புயலையும் காட்டுவோம்; இரண்டும் மார்கழியில் வந்தவை.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்தாற்று வாயில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டுத் தென்புறம் சேர்ந்தது. வடபுறத்து நகரக் கடற்கரை அரிக்கப்பட்டது. வாயினுள்ளும் மணல் படிகின்றது. பழைய அடையாளங்களிற் பல இன்று பொய்த்தன. ஆயினும் ஓதமும் அலையும் மாறவில்லை. நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் முதலிய ஊர்களிலுள்ள முதியோர், எந்த மாதத்தில் எப்பக்கம் வழி விழும், எம்மரத்தை நேர்வைத்து வாய் புகுந்தனர் என்பவற்றை எழுதுவித்து அனுப்பின், அவ்வக் குப்பத்தின் பெயரோடு இவ்விதழில் வெளியிடுவோம். எழுத வல்லாரில்லாத வீட்டுக்கு யாமே ஒருவரை அனுப்புவோம்.