வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் சாம்பா

புதுவயல், கண்டனூர் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் வளவு எல்லோருக்கும் பொது. அதைச் சுற்றியுள்ள அறைகள் மட்டும் திருமணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்று, சாவி அவரவரிடம். இன்று வீடுகளில் வாங்கி வைக்கும் நாஸ் எனப்படும் சேமிப்புப் பெட்டியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பொதுவான கோப்புறை ஒன்று, அவரவர் கடவுச்சொல்லுக்குத் திறக்கும் கோப்புறைகள் சில. இந்த வசதி ஒரு மாணவரிடமிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு கணினியில் உள்ள கோப்பை இன்னொரு கணினி திறப்பதற்கான எஸ்எம்பி என்ற நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. பின்னர் மைக்ரோசாப்ட் அதை வளர்த்தது.

1991 இறுதியில் கான்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆண்ட்ரூ டிரிஜெல், யூனிக்ஸ் கணினியின் வட்டைத் தன் பிசியில் இணைக்க விரும்பினார். அதற்கான விவரக் குறிப்பு அவரிடம் இல்லை. என்ன செய்தார்? இரண்டு கணினிகளுக்கு இடையே வலையில் போய்வரும் தகவல்களை ஒட்டுக்கேட்டார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே நிரலை எழுதி, 1992 ஜனவரியில் இலவசமாக வெளியிட்டார். மொழி தெரியாத ஊரில் ஓட்டலில் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டால் எது வருகிறது என்று கவனிப்பது போன்ற வேலைதான்!

முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப்பெயராக இருந்தது. அதனால் எஸ், எம், பி எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லைக் கணினியின் அகராதிக் கோப்பில் தேடினார். 'சாம்பா' அகப்பட்டது.

இலவசம் என்பதால் சிறிய பெட்டிகளைச் செய்தவர்களும் லினக்ஸோடு இதையே சேர்த்துக்கொண்டார்கள். 2004-இல் வந்த லிங்க்சிஸ் என்எஸ்எல்யு2 அப்படிப்பட்டது. ஆனால் மைக்ரோசாப்டின் விவரக் குறிப்புகள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தது, ஐரோப்பிய ஆணையத்தின் 2004 தீர்ப்பை நீதிமன்றமும் உறுதிசெய்த பிறகு, 2007 டிசம்பரில்தான். கட்டணம் 10,000 யூரோ.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் விண்டோசில் இருந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகவே உலகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டு விண்டோஸ் 10 எஸ்எம்பி1-ஐத் தானாக நிறுவுவதை நிறுத்தியது. 2019-இல் சாம்பா 4.11 அதை முடக்கியே வெளிவந்தது. எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய பெட்டிகள் இப்போது புதிய மடிக்கணினிக்குத் திறப்பதில்லை. அவற்றில் கல்யாணப் படங்கள் இருந்தால், வட்டு நன்றாக ஓடும்போதே புதிய பெட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது.