வெள்ளை மாளிகையிலிருந்து பத்தியெழுத்துக்கு: வில்லியம் சஃபையர்

ஆட்சியாளர் மேடையில் பேச வேண்டியதைப் பெயர் வெளிவராமல் எழுதித்தரும் உரையாசிரியப் பணியும், அதே ஆட்சியை நாளிதழில் சொந்தப் பெயரில் மதிப்பிடும் பத்தியெழுத்தும் ஒருவரிடமே அமைந்ததற்கு அமெரிக்க இதழியலில் தக்க சான்று வில்லியம் சஃபையர் (1929–2009). நியூயார்க்கில் பிறந்து, பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட இவர் விளம்பரத் துறையில் பணியாற்றினார். 1959இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் மாதிரி வீடொன்றின் சமையலறையருகே நின்று வாதிட்டதைப் படமெடுத்த இவர், அவ்வீட்டைக் கட்டிய நிறுவனத்தின் விளம்பர முகவராக அங்கே சென்றிருந்தார். பின்னர் நிக்சனின் தேர்தல் பணியில் சேர்ந்து, 1969இல் வெள்ளை மாளிகையை அடைந்தார்.

அங்கு இவர் எழுதியவற்றுள் இன்று பெரிதும் பேசப்படுவது, நல்வாய்ப்பாக எவரும் வாசிக்க நேராத ஓர் உரை. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலிருந்து மீள இயலாமற்போனால் அதிபர் நாட்டுக்குச் சொல்ல வேண்டிய இரங்கலை, அவர்கள் தரையிறங்குவதற்கு இரண்டு நாள் முன்னரே, 1969 ஜூலை 18 அன்று எழுதி வைத்த இவர், உரைக்கு முன் அதிபர் அவ்விருவரின் மனைவியருடன் தொலைபேசியில் பேச வேண்டும் என்றும், தொடர்பு துண்டிக்கப்படும் வேளையில் பாதிரியார் ஒருவர் கடலில் அடக்கம் செய்வதற்குரிய சடங்கை நடத்த வேண்டும் என்றும் குறித்திருந்தார். மறு ஆண்டு துணை அதிபர் ஆக்னியூவின் வாயில் இவர் வைத்த 'நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகட்டிவிசம்' என்னும் தொடர், எதையும் குறைகூறிப் பிதற்றும் சீமான்கள் என அரசின் விமர்சகர்களை ஏளனம் செய்தது. அது நிலைத்ததற்கு அதன் கருத்தைவிட, முதலெழுத்து ஒன்றிவரும் மோனையே காரணம் எனலாம்.

ஆக்னியூ ஓயாமல் சாடிய பத்திரிகை உலகின் முதன்மை ஏடான நியூயார்க் டைம்ஸில் 1973இல் இவர் பத்தியாளரானார். வெள்ளை மாளிகையில் இருந்தபோது தம் தொலைபேசியே ஒட்டுக்கேட்கப்பட்டதை அவ்வாண்டில் அறிந்தபின், தனியுரிமைக்காக விடாது வாதாடினார். அதிபர் கார்ட்டரின் வரவு செலவுத் துறைத் தலைவர் பெர்ட் லான்ஸின் நிதி விவகாரங்களைப் பற்றிய பத்திகள் 1978இல் இவருக்குப் புலிட்சர் பரிசைத் தந்தன.

அரசியற் சொற்களுக்கு 1968இலேயே அகராதி தொகுத்திருந்த இவர், 1979இல் அவ்வேட்டின் ஞாயிறு இதழில் தொடங்கிய 'மொழியைப் பற்றி' என்னும் பத்தியை இறக்கும்வரை எழுதினார். சொல்லின் பிறப்பையோ இலக்கணத்தையோ அதில் பிழைபடச் சொன்னால் வாசகர் கடிதங்கள் வந்து குவியும். அவற்றை இவர் மகிழ்ச்சியோடு அச்சிட்டார். அரசியல் பத்தியில் அத்தகைய தணிக்கை செயற்படவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலை நடத்திய முகமது அட்டா பிராகில் ஈராக்கிய உளவு அதிகாரியைச் சந்தித்தார் என்னும் செய்தியை இவர் ஈராக் போருக்கு ஆதரவாகத் திரும்பத் திரும்ப முன்வைத்தார். கிடைத்த சான்றுகள் அச்சந்திப்பை உறுதிப்படுத்தவில்லை என 2004இல் அத்தாக்குதலை விசாரித்த ஆணையம் முடிவு கூறியது.