பிறபொருளெதிரி: ‘பிற’ எங்கிருந்து வந்தது?

பதுளை, பண்டாரவளைப் பக்கத்துப் பாடசாலைகளில் உயிரியல் படித்தவர்களுக்குப் பழகிய சொல் ‘பிறபொருளெதிரி’. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதையே ‘எதிர்ப்பொருள்’ என்கின்றன. இரண்டுக்கும் மூலம், ஜேர்மன் மருத்துவர் போல் ஏர்லிக் 1891இல் எழுதிய ‘ஆன்ட்டிகோர்ப்பர்’. ஆன்ட்டி என்றால் எதிர். கோர்ப்பர் என்றால் உடல் அல்லது பொருள். மூலத்தில் ‘பிற’ இல்லை. அதைச் சேர்த்தது இலங்கைத் தமிழ்தான்.

சேர்த்தது வெறும் அடைமொழியை அல்ல, ஒரு கொள்கையை. உடல் அந்நியப் பொருளைத்தான் தாக்கும், தன்னைத் தாக்க அஞ்சும் என்பது ஏர்லிக்கின் கருத்து.

பதுளை வைத்தியசாலைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை ரத்தம் ஏற்ற வரும் தலசீமியாப் பிள்ளைகளிடம் இந்தப் பெயர் பொருந்தும். கொடையாளியின் வெள்ளணுக்களில் இருக்கும் எச்.எல்.ஏ. புரதங்களைப் ‘பிற’ என்று கண்டு சிலரின் உடல் எதிரிகளை உண்டாக்கிவிடும். அப்படியானவருக்குப் பின்னொரு நாள் குருதிச் சிறுதட்டுகளை ஏற்றினாலும் எண்ணிக்கை ஏறாது. வெள்ளணுக்களை வடிகட்டிய பின் ரத்தம் ஏற்றுவது இதைக் குறைக்கத்தான்.

பெயர் தடுமாறும் இடம் வேறு. சிலருக்கு ரத்தம் ஏற்றி 5 முதல் 12 நாளில் சிறுதட்டுகள் திடீரென மைக்ரோலீட்டருக்கு 10,000க்கும் கீழே சரிய, தோலெங்கும் ஊதாப் புள்ளிகள் தோன்றும். இந்த நோய்க்கு வழக்கமான காரணம், சிறுதட்டின் மேலுள்ள ஒரு புரத அடையாளம். 1959இல் நெதர்லாந்தில் அதற்கு ‘இசட்.டபிள்யூ.-ஏ’ என்றும், 1961இல் அமெரிக்காவில் ‘பி.எல்.-ஏ1’ என்றும் பெயரிட்டார்கள், 1990இல் ‘எச்.பி.ஏ.-1ஏ’ எனப் பொதுப்பெயர் வந்தது. அந்த அடையாளம் இல்லாத பெண், அது உள்ள கருவைச் சுமந்தபோதே எதிரியை உண்டாக்கியிருப்பாள். பிறகு ஏற்றும் ரத்தம் அதை உசுப்பிவிடும். வந்த சிறுதட்டுகள் அழிவது சரி. அடையாளமே இல்லாத அவளுடைய சொந்தச் சிறுதட்டுகளும் ஏன் அழிகின்றன? இன்னும் தீராத கேள்வி இது. ஐரோப்பியரில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு அந்த அடையாளம் இல்லை. ஆசியரில் அப்படியானவர்கள் மிக அரிது. ஆகவே நோயும் இங்கே அரிது.

தோட்டத்து லயங்களில் இதற்கெல்லாம் ஒரே பேச்சு: “ஏத்துன ரத்தம் ஒத்துக்கல்ல.” எது தன்னது, எது பிறிது என்று அது முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வதில்லை. அடுத்த பை ரத்தத்தைத் தொங்கவிடுமுன் வைத்தியர் கேட்டறிய வேண்டியதும் அதுவே: முன்பு ஏற்றினார்களா, ஒத்துக்கொண்டதா, எத்தனை பிள்ளைப்பேறு?