எதிரியைத் தேடின ரேடார், சூரியனைக் கேட்ட கதை

இன்னைக்கு எபிசோடு ஊட்டியில போய் முடியும். ஆனா தொடங்குறது ஆஸ்திரேலியாவுல, சிட்னி நகரத்தோட கடலோரச் செங்குத்துப் பாறை மேல. இடத்தோட பேரு டோவர் ஹைட்ஸ்.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல அங்க ராணுவ ரேடார் நிலையம் இருந்தது. ரேடியோ அலையைக் கடல் பக்கமா அனுப்பணும். எதிரிக் கப்பல்லயோ விமானத்துலயோ பட்டுத் திரும்பி வருதான்னு பார்க்கணும். 1945-ல போர் முடிஞ்சுது. ரேடாருக்கு வேலை போச்சு.

போர்க்கால ரேடார் ஆய்வு நடத்தின அரசு ஆய்வகத்துக்காரங்க ஒரு கேள்வி கேட்டாங்க. அலையை அனுப்பாம, வர்றதை மட்டும் கேட்டா என்ன ஆகும்? சூரியன்ல இருந்து ரேடியோ அலை வருதுன்னு ஏற்கெனவே தெரியும். சூரியனோட எந்தப் பகுதியில இருந்துங்கிறதுதான் புதிர்.

கடையத்துல இருக்கிறவங்களுக்கு சூரியன் மலைக்குப் பின்னாடி மறையறது பழக்கம். கடல்ல உதிக்கிறதைப் பார்க்கத் திருச்செந்தூர் பக்கம் போகணும். டோவர் ஹைட்ஸ் அப்படிக் கிழக்குக் கடலைப் பார்த்த இடம். கடல்மட்டத்துக்குச் சுமார் 85 மீட்டர் மேல ஆன்டெனா. சூரியன் உதிக்கும்போது ஒரு அலை நேரா வந்து சேரும். இன்னொண்ணு கடல்நீர்ல பட்டுப் பிரதிபலிச்சு வரும். ரெண்டும் சேரும்போது சிக்னல் கூடும், குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை வச்சு, அலை எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போடலாம். ரெண்டு ஆன்டெனாவோட வேலையை ஒரு ஆன்டெனாவும் கடலும் சேர்ந்து செஞ்சுது.

1946 தொடக்கத்துல இதை அங்க செஞ்சவங்கள்ல முக்கியமானவர் ரூபி பெய்ன்-ஸ்காட்ங்கிற இயற்பியலாளர். போர்ல ரேடார் ஆய்வு பண்ணினவர். அலைகள் பெரிய சூரியப்புள்ளிக் கூட்டத்துக்கிட்ட இருந்து வருதுன்னு அவங்க குழு காட்டிச்சு. அதே பாறை மேல இருந்து ஜான் போல்ட்டன் குழு நட்சத்திரங்கள் பக்கம் போனாங்க. வானத்துல ஒரு ரேடியோ மூலம் நண்டு நெபுலாதான்னு 1949-ல அடையாளம் சொன்னாங்க. 1951-ல மதியச் சாப்பாட்டு நேரத்துல, மேலதிகாரிகளுக்குத் தெரியாம, மணல்ல 72 அடி அகலக் குழி தோண்டி அதையே டிஷ்ஷா மாத்தினாங்க!

அதே 1951-லதான் ரூபி வேலையை விட்டாங்க. கல்யாணமான பெண்ணுக்கு நிரந்தர அரசு வேலை கிடையாதுன்னு அன்னைக்கு விதி. 1944-ல ரகசியமா கல்யாணம் பண்ணியிருந்தாங்க. 1950-ல விஷயம் வெளிய வந்ததும் நிரந்தரப் பதவி போச்சு. குழந்தை பிறக்கப் போற நேரத்துல ராஜினாமா. ஆய்வுக்குத் திரும்பவே இல்லை. அந்த விதி போக 1966 ஆச்சு. பழைய ரேடாருக்குப் புது வேலை கண்டுபிடிச்ச அமைப்பு, அதை இயக்கத் தெரிஞ்சவரை வெளிய அனுப்பிடுச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1953-ல, அதே ஆய்வகத்துக்கு இந்தியாவுல இருந்து பயிற்சிக்கு வந்தவர் கோவிந்த் ஸ்வரூப். சிட்னியில வேற ஒரு தளத்துல 6 அடி டிஷ்கள் 32 இருந்தது. அதைக் கழிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், இந்தியாவுக்குக் கொடுங்கன்னு கேட்டு வாங்கினார். 1965-ல மும்பைக்குப் பக்கத்துல கல்யாண்ல அவை சூரியனைக் கேட்க ஆரம்பிச்சது. அந்தக் குழுதான் அடுத்து ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினாங்க. 530 மீட்டர் நீளம். அந்த இடத்தோட அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலைச்சரிவாப் பார்த்து வச்சதால, ஒரே அச்சுல திருப்பினாலே வானத்தைத் தொடர முடியும். 1970-ல இருந்து இயங்குது.

டோவர் ஹைட்ஸ்ல ஆய்வு 1954-ல நின்னுது. இப்போ அது பொதுப் பூங்கா. ஒரு ஆன்டெனாவோட மாதிரியை நினைவுச்சின்னமா வச்சிருக்காங்க.

பழைய கருவிக்கு மறுவாழ்வு கொடுக்க ஒரு புதுக் கேள்வி போதும். அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளையும் தக்கவச்சுக்கணும். ரூபி பேரைச் சொன்னா, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.